சுண்ணாம்பு பூசாத முட்டி

என் மேசைமேல் நிற்கும் புட்டியின் பின்பக்கச் சீட்டில், உட்பொருள்கள் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு சொல்தான் அச்சாகியிருக்கிறது: திராட்சை. 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் தயாரான ஒயின் எதுவானாலும், பிஸ்கட் பொட்டலத்தைப் போலத் தன்னுள் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று சொல்லியாக வேண்டும். சீட்டிலேயே அச்சிட மனமில்லாதவர்கள் அதைக் கியூஆர் குறியீட்டுக்குள் வைத்துவிடலாம். கடையில் நின்றபடி கைப்பேசியை நீட்டிப் படிப்பவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துதான் பலரும் அப்படிச் செய்கிறார்கள். படித்துப் பார்த்தால் டார்டாரிக் அமிலம், சல்ஃபைட், வேலம்பிசின் என்று சில பெயர்கள் வரும். என் புட்டியில் ஒரு சொல். ஆனாலும் அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து எதையும் நம்பிவிட முடியாது. பாக்கெட்டில் வாங்கிப் போடும் ஈஸ்ட், செய்முறைத் துணைப்பொருள் என்ற கணக்கில் வருவதால், இந்தப் பட்டியலில் ஏறுவதே இல்லை. இந்த ஒயினில் அதுவும் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், அந்தத் தொட்டியில் இறங்கிய குலைகளில் சில நூற்றையாவது என் கையால் வெட்டியவன் நான் என்பதுதான்.

புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த நான், பிரான்சின் லியோன் நகரில் கணக்கெழுதிப் பிழைக்கத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. கடந்த சில ஆண்டுகளாக, மற்றவர்கள் கடற்கரைக்கு எடுக்கும் விடுப்பை நான் செப்டம்பருக்கு ஒதுக்கிவைத்து, வடக்கே பொஜொலே மலையடிவாரத்தில் வில்லியே-மோர்கோன் என்ற ஊருக்குத் திராட்சை அறுக்கப் போகிறேன். கூலி உண்டு, குறைவுதான். முதுகுவலியும் உண்டு, அது குறைவில்லை.

பொஜொலே என்றதும் நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை உலகெங்கும் திறக்கப்படும் புது ஒயினை நினைப்பவர்கள்தாம் அதிகம். அந்த வாழைப்பழ வாசனையுள்ள இளஞ்சிவப்பை நானும் முதலில் அப்படித்தான் அறிந்தேன். அதே வட்டாரத்தின் வடபகுதியில், தம் ஊர்ப்பெயரையே சீட்டில் போட்டுக்கொள்ளும் உரிமை பெற்ற பத்துப் பகுதிகள் இருக்கின்றன என்பதும், அவற்றுள் ஒன்றான மோர்கோன் 1936-லேயே அந்த உரிமையைப் பெற்றுவிட்டது என்பதும் பின்னால்தான் தெரிந்தது. அங்கே விளைவது கமே என்ற கருந்திராட்சை. தோல்தான் கறுப்பு, பிழிந்தால் சாறு வெளுப்பாகவே வரும். 1395-இல் பர்கண்டியை ஆண்ட ஃபிலிப் கோமகன், இது மிகக் கெட்ட, நேர்மையற்ற செடி என்று ஆணை பிறப்பித்துத் தன் நாட்டிலிருந்து இதைப் பிடுங்கியெறியச் சொன்னான். அளவுக்கு மிஞ்சிக் காய்க்கிறது என்பது அதன்மீதிருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. அங்கே விரட்டப்பட்ட செடி, தெற்கே பொஜொலேயின் கருங்கல் மண்ணில் தனக்கேற்ற வீட்டைக் கண்டுகொண்டது.

மோர்கோனின் நடுவே கோத் து பி என்ற குன்று எழுந்து நிற்கிறது. உயரம் 352 மீட்டர்தான். சுற்றுவட்டாரம் பெரும்பாலும் உதிரும் கருங்கல் மண்ணாக இருக்க, இந்தக் குன்றில் மட்டும் மிகப் பழைய எரிமலைப் பாறைகள் உருமாறி, நீலம் பாய்ந்த கல்லாகக் கிடக்கின்றன. மேல்மட்டத்தில் அவை மக்கி, விரலால் நிமிண்டினாலே தகடு தகடாகப் பிரிகின்றன. உள்ளூரில் இதை அழுகிய பாறை என்றே சொல்கிறார்கள். மழை பெய்த மறுநாள் காலணியில் ஒட்டும் மண்ணில் இரும்பின் துருநிறம் தெரியும். இக்குன்றில் விளைந்த ஒயின் இளமையில் இறுக்கமாக இருந்து, சில ஆண்டுகள் கழித்துத்தான் செர்ரிக் கொட்டையின் கசப்பும் ஈரமண்ணின் வாசனையுமாக விரிகிறது. அந்த மாற்றத்துக்கு ஊர்ப்பெயரையே அவர்கள் வினைச்சொல்லாக்கிவிட்டார்கள். நம் பேச்சில் சொன்னால், "இந்தப் புட்டி மோர்கோனிவிட்டது" என்பார்கள்.

நான் வேலைக்குப் போகும் குடும்பத்துக்குக் குன்றின் சரிவில் அரை ஹெக்டேர், அதாவது ஒன்றேகால் ஏக்கர் போல, ஒரு துண்டு நிலம் இருக்கிறது. கம்பியில் ஏற்றாமல், ஒவ்வொரு செடியும் தனித்தனியே முழங்கால் உயரத்தில் கோப்பை வடிவில் நிற்குமாறு கவ்வாத்து செய்யப்பட்ட பழைய செடிகள். அந்தத் துண்டின் பழத்தை அவர்கள் மற்ற நிலங்களின் பழத்தோடு கலப்பதில்லை. நல்ல ஆண்டில் எட்டுப் பீப்பாய் நிறையும். பொஜொலேப் பீப்பாய் ஒன்றுக்கு 216 லிட்டர், அதாவது 288 புட்டி. பெரிய நிறுவனங்களின் கணக்கில் இது சிந்திப்போகும் அளவு. கணக்கன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: ஒரே துண்டு நிலத்தை நம்பி ஒயின் செய்வது வணிக அறிவுக்கு ஒவ்வாத செயல். 2016-இலும் 2017-இலும் ஆலங்கட்டி மழை இந்த வட்டாரத்தைத் தாக்கியபோது, பல இடங்களில் நிலம் வைத்திருந்தவர்கள் ஒன்றில் இழந்ததை மற்றொன்றில் ஓரளவு ஈடுகட்டினார்கள். ஒற்றைத் தோட்ட ஒயினுக்கு அப்படிப்பட்ட ஆறுதல் கிடையாது. அந்த ஆண்டு அந்த நிலத்துக்கு என்ன நேர்ந்ததோ அதுதான் புட்டிக்குள் இருக்கும்.

2024-இல் நேர்ந்தது மழை. பிரான்ஸ் முழுவதுமே அந்த ஆண்டு அடிச்சாம்பல் நோயால் அல்லாடியது. இலையின் அடியில் வெள்ளைப் பூஞ்சணமாகத் தொடங்கி, பிஞ்சுக் குலையைப் பழுப்பாக்கி உதிர்த்துவிடும் நோய் அது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை வளர்ப்பவர்களுக்கு இதைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இயற்கை வேளாண்மைச் சான்று பெற்ற தோட்டத்தில் செடிக்குள் ஊடுருவும் மருந்துகளை அடிக்கக்கூடாது. மிஞ்சியிருப்பது மயில்துத்தம் என்னும் தாமிர உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை. அது இலையின்மேல் படிந்திருந்தால்தான் காக்கும். ஒரு நல்ல மழை வந்தால் கழுவிக்கொண்டு போய்விடும், மறுபடியும் அடிக்க வேண்டும். அதற்கும் ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம் என்று ஐரோப்பிய வரம்பு இருக்கிறது. "குறைந்த தலையீடு" என்ற சொற்றொடரை விளம்பரங்களில் காணும்போதெல்லாம், அந்தக் கோடையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு மருந்துக்கருவியைத் தோளில் மாட்டிச் சரிவில் ஏறியிறங்கிய நிலத்துக்காரரின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. தலையீடு குறையவில்லை, ஒயின் செய்யும் கூடத்திலிருந்து நிலத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. அந்த ஆண்டு எட்டுக்குப் பதிலாக ஐந்து பீப்பாய்தான்.

அறுவடை செப்டம்பர் நடுவில் தொடங்கியது. விடியற்காலை ஏழு மணிக்குப் பனியில் நனைந்த இலைகளை ஒதுக்கி, குனிந்து, இடக்கையால் குலையைத் தாங்கி, வலக்கையில் இருக்கும் சிறு கத்தரிக்கோலால் காம்பை நறுக்க வேண்டும். இடக்கை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நறுக்கினால் விரல் போய்விடும். முதல் ஆண்டில் இரண்டு முறை அப்படி வெட்டிக்கொண்டேன். மற்ற இடங்களில் குலையை அப்படியே வாளியில் போட்டுவிடலாம். இங்கே ஒவ்வொரு குலையையும் திருப்பிப் பார்க்க வேண்டும். நோய் தாக்கி வற்றிய மணிகளைக் கத்தரியின் நுனியால் நெம்பி எடுக்க வேண்டும். அழுகல் தெரிந்தால் முகர்ந்து பார்க்க வேண்டும்: காடி நாற்றம் வந்தால் குலை முழுவதும் மண்ணுக்கு. ஒயின் கெடாமலிருக்கக் கந்தகம், அதாவது சீட்டுகளில் வரும் அந்தச் சல்ஃபைட், போடுகிற இடத்தில் பத்துக் கெட்ட மணிகளை மன்னித்துவிடலாம், இங்கே மன்னிக்க முடியாது என்று நிலத்துக்காரர் ஒவ்வொரு காலையும் எங்களுக்குச் சொல்வார். நல்ல மணி ஒன்றும் நசுங்கக்கூடாது என்பதற்காக ஆழமில்லாத பெட்டிகளில்தான் அடுக்குவோம். பிற்பகல் வெயிலில் வெட்டிய பெட்டிகள் நேரே தொட்டிக்குப் போகாமல், ஓரிரவு குளிரறையில் கிடந்து பழத்தின் சூடு தணிந்த பிறகே போகும்.

அந்தக் கூட்டத்தில் பருத்தித்துறையைச் சேர்ந்த ஓர் அண்ணை இருக்கிறார். லியோனில் உணவகச் சமையற்கட்டில் வேலை; என்னைவிட நெடுநாள் அறுவடைக்காரர். சல்ஃபைட், உள்ளூர் ஈஸ்ட், நொதித்தல் என்று நான் ஒரு மதிய உணவு நேரம் முழுவதும் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, வாயில் இருந்த ரொட்டியை மென்று விழுங்கிவிட்டு அவர் சொன்னார்: "முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசினாக் கருப்பணி, பூசாட்டிக் கள்ளு. இவையின்ரை கதையும் அதுதான் தம்பி. இதுக்கு ஏன் இவ்வளவு கதை?"

நாங்கள் பதநீர் என்று சொல்வதைத்தான் அவர் கருப்பணி என்றார், கலயத்தைத்தான் முட்டி என்றார். பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு இனிப்பாகவே இறங்கும். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் மரத்தின் உச்சியிலேயே வேலையைத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு பல நாள் இந்த ஒப்புமையை நான் மனத்துக்குள் உரசிப் பார்த்தேன். முழுக்கப் பொருந்தாது. சுண்ணாம்பு நொதித்தலையே தடுக்கிறது. திராட்சைமேல் தூவும் கந்தகமோ ஆளைப் பார்த்து அடிக்கிறது: பழத்தோலிலிருந்து வரும் பலவீனமான ஈஸ்ட் வகைகளையும் பாக்டீரியாக்களையும் அடக்கி, வலிய ஈஸ்ட் மட்டும் தடையின்றி வளர வழிவிடுகிறது, கூடவே காற்றுப்பட்டுச் சாறு கெடாமலும் காக்கிறது. ஆனால் கள் இறக்குபவருக்கும் இந்த நிலத்துக்காரருக்கும் ஒன்று பொது. இருவரும் வெளியிலிருந்து எதையும் போடுவதில்லை. ஆகவே கலயத்தின் சுத்தம்தான் அவர்களுடைய முழுத் தொழில். அறுவடைக்கு முந்தைய வாரம் அந்தக் குடும்பம் முழுவதும் தொட்டி, குழாய், வாளி என்று வெந்நீரும் தூரிகையுமாகத் தேய்ப்பதைப் பார்த்தால், ஏதோ அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு நடக்கிறது என்று தோன்றும்.

இப்படிச் செய்வது பாட்டன் காலத்து வழக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள், பாதிதான் உண்மை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய தலைமுறை களைக்கொல்லிக்கும் பாக்கெட் ஈஸ்டுக்கும், லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை கொட்டி ஒரு டிகிரி மதுவைக் கூட்டும் உத்திக்கும் பழகிப்போயிருந்தது. கந்தகமில்லாமல் ஒயின் செய்ய முடியும் என்று நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு காட்டியவர், அருகிலிருக்கும் லா ஷப்பேல்-து-கான்ஷே ஊரில் ஒயின் வணிகராகவும் வேதியியல் கற்றவராகவும் இருந்த ஜூல் ஷோவே. 1907-இல் பிறந்து 1989-இல் மறைந்தார். 1973-இல் தந்தையின் தோட்டத்தை ஏற்ற மார்செல் லாப்பியேர் என்ற மோர்கோன்காரர், 1980-களின் தொடக்கத்தில் ஷோவேயைச் சந்தித்து அவர் வழியில் இறங்கினார். ழான் ஃபொயார், ழான்-போல் தெவெனே, கி பிரத்தோன் ஆகிய அக்கம்பக்கத்து நண்பர்களும் சேர்ந்துகொண்டார்கள். லாப்பியேர் 2010-இல் இறந்துவிட்டார். இன்று உலகின் பெருநகரங்களில் இயற்கை ஒயின் என்று விலை கூட்டி விற்கப்படுவதன் ஊற்றுக்கண்களில் ஒன்று, பாட்டியின் சமையற்கட்டு அல்ல, ஒரு வேதியியல்காரரின் ஆய்வு மேசை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

தொட்டிக்குள் நடப்பதைச் சொல்கிறேன். குலைகளைக் காம்போடு, நசுக்காமல், சிமெண்டுத் தொட்டியில் விளிம்புவரை அடுக்குகிறார்கள். அடியில் உள்ளவை மேலுள்ளவற்றின் எடையால் தாமே நசுங்கிச் சாறு விடுகின்றன. அந்தச் சாற்றில் ஈஸ்ட் வேலையைத் தொடங்கியதும் கரியமில வாயு கிளம்பித் தொட்டியை நிறைக்கிறது. உயிர்வாயு அற்றுப்போன அந்த இருட்டில், நசுங்காத ஒவ்வொரு மணியும் தனக்குள்ளேயே நொதிக்கத் தொடங்குகிறது. ஈஸ்ட் உள்ளே போகாமலேயே, பழத்தின் சொந்த நொதிகள் சர்க்கரையில் சிறிதளவைச் சாராயமாக்குகின்றன, புளிப்பில் ஒரு பங்கைத் தின்கின்றன, தோலின் நிறம் சதைக்குள் இறங்குகிறது. மணிக்குள் மது ஏறத்தாழ 2 விழுக்காட்டை எட்டும்போது மணி செத்து வெடிக்கிறது. ஆறாம் நாள் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். வெளியே முழுப் பழம். உள்ளே சதை நாவல்பழ நிறத்தில், சோடாவைப் போல நாக்கில் சுறுக்கென்று குத்தியது.

இரண்டு வாரம் போல ஆனதும் தொட்டியைத் திறந்து பழத்தை வாரி எடுக்க ஆள் இறங்க வேண்டும். அதற்கு முன் நிலத்துக்காரர் ஒரு நீளக் கம்பியின் நுனியில் மெழுகுவர்த்தியைக் கட்டி உள்ளே இறக்கினார். இடுப்பளவு இறங்கியதும் சுடர் ஒரு புகைக்கோடாகி அணைந்தது. கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. இப்படித் தொட்டிக்குள் குனிந்து மயங்கி விழுந்து செத்தவர்கள் ஒயின் நாடுகள் எல்லாவற்றிலும் உண்டு. மின்விசிறியைப் போட்டுவிட்டு, சுடர் நிற்கும்வரை நாங்கள் வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

வாரியெடுத்த பழத்தைப் பிழிபொறியில் போட்டதும், திருகைத் தொடுவதற்கு முன்னரே கீழே ஒரு சாறு ஒழுகும். அதற்கு அந்த ஊரில் சொர்க்கம் என்று பெயர். பாதி நொதித்து, பாதி இனிப்பாக, கலங்கிய ஊதா நிறத்தில், இளஞ்சூடாக இருக்கும். ஒரு தம்ளர் குடித்தால் பழச்சாறு. மூன்று தம்ளர் குடித்தால் படியேற முடியாது. அதை விற்கமாட்டார்கள். அன்றைக்கு அங்கே இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

அதன்பின் சாறு பீப்பாய்களில் தன் நொதித்தலை முடித்துக்கொண்டு குளிர்காலம் முழுவதும் கிடக்கிறது. வடிகட்டுவதில்லை. அடுத்த கோடையில் புட்டியில் அடைக்கும்போதுதான் கந்தகம் பற்றிய வாக்குவாதம் எனக்கும் நிலத்துக்காரருக்கும் வரும். சாதாரணச் செவ்வொயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம்வரை கந்தக டை ஆக்சைடு இருக்கலாம் என்பது ஐரோப்பிய வரம்பு. இயற்கை வேளாண்மைச் சான்று பெற்ற ஒயினுக்கு 100. பிரான்சில் 2020-இல் ஏற்கப்பட்ட இயற்கைமுறை ஒயின் முத்திரைக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அதுவும் நொதித்து முடிந்த பிறகுதான் சேர்க்கலாம். எட்டாத தூரத்துக்கு அனுப்பும் புட்டிகளுக்கு மட்டுமாவது 15, 20 மில்லிகிராம் போடுவதில் என்ன கேடு என்பது என் கட்சி. மற்ற நிலங்களின் ஒயினுக்கு அவரும் போடுகிறார். இந்த அரை ஹெக்டேருக்கு மட்டும் மாட்டேன் என்கிறார். பத்து மாதம் ஒன்றும் போடாமல் காத்துவிட்டுக் கடைசி நாளில் போட எனக்கு வெட்கமாக இருக்கிறது என்பது அவருடைய பதில். அது காரணமே அல்ல என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

என் கட்சிக்கு என் சொந்தத் தவற்றையே சான்றாகக் காட்ட முடியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம் இதே தோட்டத்துப் புட்டிகள் இரண்டைப் பெட்டியில் துணி சுற்றிப் புதுச்சேரிக்கு எடுத்துப் போனேன். 14 டிகிரிக்கு மேல் வைக்கவேண்டாம் என்று அவர் சொல்லியிருந்ததை அறிந்தே போனேன். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியில் இடமில்லாததால் இரண்டு வாரம் அலமாரியில் கிடந்தன. திறந்தபோது மாட்டுத்தொழுவ வாசனை கூடத்தை நிறைத்தது. அப்பா தம்ளரை ஒருமுறை முகர்ந்துவிட்டு, "என்னடா இது, காடியை இவ்வளவு தூரம் சுமந்துக்கிட்டு வந்திருக்க?" என்று கேட்டார். அம்மா மிச்சத்தை வாழைமரத்தடியில் ஊற்றினார்.

இரண்டாவது சான்று, வெயில் படாமலேயே நிகழ்ந்தது. 2024 ஒயின் புட்டியில் அடைபட்ட கோடைக்கு அடுத்து வந்த அக்டோபரில், எங்கள் குடியிருப்பின் நிலவறையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து வந்து அண்ணையோடு அமர்ந்தேன். முகர்ந்தால் அருமை. வாயிலும் அருமை. விழுங்கிப் பத்து விநாடி கழித்து, நாக்கின் பின்புறத்திலிருந்து பழைய சோளப்பொரியும் எலிக்கூண்டும் கலந்த ஒரு நாற்றம் எழுந்தது. பிரெஞ்சுக்காரர்களும் இதை எலிச்சுவை என்றுதான் சொல்கிறார்கள். கந்தகக் காவல் இல்லாத ஒயினில் சில பாக்டீரியாக்களும் ஒருவகை ஈஸ்டும் உண்டாக்கும் குறை இது. ஒயினின் புளிப்பில் அந்தப் பொருள் கட்டுண்டு கிடப்பதால் மூக்குக்குத் தெரியாது. எச்சிலோடு கலந்து புளிப்புத் தணிந்த பிறகுதான் விடுபட்டு எழும். இரண்டு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்ப்பது ஒரு சோதனை. தேய்த்தேன், எலி இருந்தது. எதிரே அண்ணை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவர் எச்சிலும் ஒவ்வொரு விதம் என்பதால் சிலருக்கு இது தெரிவதே இல்லை. அவர் என் தம்ளரையும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் தோட்டத்துக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். கோபமும் இல்லை, மறுப்பும் இல்லை. புட்டியில் அடைத்த அதிர்ச்சிக்குப் பிறகு சில நேரம் வரும், சில நேரம் போய்விடும், சில நேரம் போகாது. மிச்சப் புட்டிகளைத் தொடாமல் வையுங்கள், பிப்ரவரியில் ஒன்றைத் திறந்து பாருங்கள், போகாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார். ஒரு புட்டிக்கு 24 யூரோ கொடுத்த எனக்கு, கடையில் வாங்கும் 6 யூரோ ஒயினில் ஒருநாளும் இந்தக் கவலை வந்ததில்லை என்ற நினைப்பு அந்தக் குளிர்காலம் முழுவதும் இருந்தது.

மேசைமேல் நிற்பது அந்தப் பிப்ரவரிப் புட்டி. நேற்று மாலை அண்ணை வந்திருந்தார். முதல் மிடறை விழுங்கிவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்: பத்து விநாடி, இருபது, முப்பது. செர்ரிக் கொட்டையின் கசப்பு மெல்லத் தேய்ந்து, ஈரக்கல்லின் குளிர்ச்சி மட்டும் நின்றது. உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தேன். மறுகையிலும் தேய்த்தேன். அண்ணை தன் தம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்து, "என்ன தம்பி, இண்டைக்கு எலி வரேல்லையோ?" என்று கேட்டார்.